சொல்லாமல் விட்ட சேனல்

நாடகத்தின் ஏழாவது காட்சி. அம்மாவாக நடிப்பவர் மேடையின் முன்பக்கம் போட்டிருக்கும் ஸ்டூலில் வந்து உட்கார்ந்து, மகன் எழுதிய கடிதத்தைப் பிரிப்பார். அவர் முகத்துக்கு மட்டும் மேலே கம்பியிலிருந்து ஒரு மூவிங் ஹெட், அதாவது மோட்டாரால் தானே திரும்பும் விளக்கு. மற்றபடி மேடை முழுக்க இருட்டு. விளக்குகளை இயக்குவது நான். அடுத்த ஒளி மாற்றத்தை ஓட்டும் கோ பட்டனை அழுத்தினேன். மூன்று வினாடியில் ஒளி ஏறி நின்றது. அவருடைய நெற்றியில், கன்னத்தில், விரித்துப் பிடித்த காகிதத்தின் மேல் எல்லாம் இலை நிழல்.

அன்று முழு ஒத்திகைதான், பார்வையாளர்கள் இல்லை. இருக்கைகளின் நடுவிலிருந்து இயக்குநர் கேட்டார்: “தம்பி, முகத்துல என்ன நிழல்?” எனக்குப் பதில் தெரியவில்லை. முந்தின இரவு இதே க்யூவை, அதாவது பதிந்துவைத்த இந்த ஒளி மாற்றத்தை, ஐந்தாறு முறை போட்டுப் பார்த்திருந்தேன். ஒவ்வொரு முறையும் சுத்தமான வட்டம்தான் விழுந்தது. அதற்குப் பிறகு நான் எதையும் தொடவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆனது. நான்காவது காட்சி காட்டில் நடக்கிறது. அதில் இதே விளக்கு இலை வடிவ கோபோவோடு (ஒளிக்கு வடிவம் கொடுக்கும் வெட்டுத் தகடு) தரையில் நிழல் போடும். ஏழாவது காட்சியின் க்யூவை எழுதும்போது ஒளி அளவு, பக்கவாட்டுத் திசை, மேல்கீழ்த் திசை இந்த மூன்றை மட்டும் பதிந்திருந்தேன். கோபோ சக்கரம் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லவே இல்லை. முந்தின இரவு எல்லாவற்றையும் ஆன் செய்ததும் நேராக அந்த க்யூவுக்குத் தாவியிருந்தேன். அப்போது சக்கரம் தொடக்க இடத்தில், வடிவம் ஏதும் இல்லாத துளையில் இருந்தது. முதல் காட்சியிலிருந்து ஓட்டி வந்தபோதோ நான்காம் காட்சியில் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

ஒரு க்யூவில் எழுதியது தெரிவது போலவே எழுதாமல் விட்டதும் மேடையில் தெரியும் என்று எனக்கு உறைத்தது அன்றுதான். பிறகு நான் கற்றுக்கொண்டதில் பாதி இதிலிருந்து கிளைத்ததுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

நான் பயன்படுத்துவது கியூஎல்சி பிளஸ். விளக்குகளை இயக்கும் திறந்த மூல மென்பொருள். ஒரு லேப்டாப்பும் யுஎஸ்பியிலிருந்து டிஎம்எக்ஸ் (விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் சிக்னல்) எடுக்கும் சின்னக் கருவியும் இருந்தால் தொடங்கிவிடலாம். அதில் சீன் என்பது நாடகக் காட்சி அல்ல; விளக்குகள் எப்படி நிற்க வேண்டும் என்ற ஒரு பதிவு. க்யூ அதை மேடைக்குக் கொண்டுவரும். ஒரு சீனை எழுதும்போது ஒவ்வொரு விளக்கின் ஒவ்வொரு சேனலுக்கும், அதாவது ஒளி அளவு, திசை, கோபோ என்று தனித்தனியாக ஆளும் ஒவ்வொரு எண்ணுக்கும், ஒரு டிக் பெட்டி இருக்கும். டிக் போட்ட சேனலை மட்டுமே அந்த சீன் ஆளும். டிக் இல்லாததைத் தொடாது. பூஜ்ஜியம் வைத்து டிக் போடுவதும் டிக்கே போடாமல் விடுவதும் அவசரத்தில் பார்த்தால் ஒன்று போலத்தான் தெரியும். மேடையில் இரண்டுக்கும் இலை நிழல் அளவு வித்தியாசம்.

இதோடு இன்னொரு விதியும் சேர்கிறது. ஒளி அளவுச் சேனல்களுக்கு எச்டிபி: ஒரே விளக்கை இரண்டு சீன்கள் ஒரே நேரத்தில் கேட்டால் எது அதிகமோ அது ஜெயிக்கும். திசை, கோபோ, நிறச் சக்கரம் போன்றவற்றுக்கு எல்டிபி: கடைசியாக யார் சொன்னாரோ அவர் சொல் நிற்கும். சீன் முடிந்ததும் ஒளி அணைந்துவிடும். கோபோவும் திசையும் விட்ட இடத்திலேயே காத்திருக்கும். விளக்கு அணைந்திருப்பதால் யாருக்கும் தெரியாது. அடுத்த முறை அது ஏறும்போதுதான் வெளியே வரும்.

பெரிய கன்சோல்களில் (விளக்குகளை இயக்குவதற்கென்றே இருக்கும் கருவிகள்) இந்தத் தொடர்ச்சிக்கு டிராக்கிங் என்று பெயர். ஈயோஸ் வகைக் கன்சோலில் ஒரு விளக்குக்கு க்யூ 12ல் 60 சதவீதம் கொடுத்தால், வேறு கட்டளை வரும்வரை 13, 14, 15 எல்லாவற்றிலும் அது 60லேயே நிற்கும். கணினிக்கு முன்பே இந்தப் பழக்கம் இருந்தது. ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் கைப்பிடிகளைக் கையால் நகர்த்திய காலத்தில், இயக்குபவர்கள் தாளில் மாற வேண்டிய கைப்பிடிகளை மட்டும் குறித்துக்கொண்டார்கள்; மாறாததை யாரும் தொடவில்லை. 1975ல் ஒளியமைப்பாளர் தரோன் மஸ்ஸர் நினைவகம் உள்ள கன்சோலை நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகளுக்குக் கொண்டுவந்தார். தாளில் இருந்தது அதன் பிறகு மெல்ல மெல்லப் பெட்டிக்குள் போனது. இந்த க்யூவில் எதைச் சொல்வது, எதை விடுவது என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

இலை நிழலுக்குப் பயந்து, அடுத்த நாடகத்தில் எல்லா சீனிலும் எல்லா சேனலுக்கும் டிக் போட்டேன். அது வேறு விதமாக வதைத்தது. இரண்டாம் காட்சி முழுக்கப் பின்திரை நீலம். கடைசி ஒத்திகையில் இயக்குநர், “நீலம் தூக்கலா இருக்கு, கொஞ்சம் இறக்கிடலாமா?” என்றார். அந்தக் காட்சியில் 11 க்யூக்கள். ஒவ்வொன்றாகத் திறந்து இறக்கிக்கொண்டே வந்தேன். அவசரத்தில் ஒன்று விட்டுப்போனது. அடுத்த ஓட்டத்தில், இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்கும்போது, அவர்களுக்குப் பின்னால் வானம் பளிச்சென்று ஏறி, பிறகு இறங்கியது.

இப்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு காட்சியின் முதல் க்யூவிலும் எல்லா விளக்குக்கும் எல்லாச் சேனலையும் எழுதிவிடுவேன். ஈயோஸில் இதை பிளாக் என்பார்கள். முந்தைய காட்சியிலிருந்து எதுவும் கசிந்து வராது. காட்சிக்குள்ளே ஒளி அளவை ஒவ்வொரு க்யூவிலும் எழுதி, மற்ற சேனல்களில் மாறுவதை மட்டும் எழுதுவேன். காட்சி முழுக்க நிற்கும் பின்திரை மாதிரியானவற்றைத் தனி சீனாக வைத்து, முகத்துக்கான சீன்களோடு ஒன்றாக ஓடும் கலெக்‌ஷனாகச் சேர்த்துவிடுவேன். நீலத்தை இறக்கச் சொன்னால் ஒரே இடத்தில் இறக்கினால் போதும்.

இன்னொன்று, எந்த நாடகமானாலும் முதலில் நான் எழுதுவது ‘வெறும் நிலை’ என்று பெயர் வைத்த ஒரு சீன். ஒவ்வொரு மூவிங் ஹெட்டுக்கும் கோபோ வெறும் துளையில், நிறம் வெள்ளையில், கற்றையைப் பலவாகப் பிரிக்கும் பிரிசம் வெளியே, ஷட்டர் திறந்து, ஃபோகஸ் கூர்மையாக, ஜூம் நடுவில், ஒளி அளவு பூஜ்ஜியம். எல்லாச் சேனலுக்கும் டிக். ஒரு காட்சியின் முதல் சீன் வேண்டுமென்றால் காலிப் பக்கத்திலிருந்து தொடங்குவதில்லை. இதை நகலெடுத்து வேண்டியதை மாற்றுகிறேன். நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம்கூட மிச்சப்படாத வேலை போலத் தெரியும். எனக்கு இதைவிடப் பெரிய நிம்மதி எதுவும் கிடைத்ததில்லை.

ஒத்திகையில் ஒரு க்யூவைத் திருத்தினால் அதை மட்டும் போட்டுப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன். இரண்டு க்யூ பின்னால் போய், அங்கிருந்து ஓட்டி வந்து, திருத்தியதைக் கடந்து அடுத்ததற்கும் போய்ப் பார்க்கிறேன். ஓட்டி வந்தால்தான் மேடையில் அது எப்படி வரும் என்று தெரியும். ஒவ்வொரு காட்சியையும் எழுதி முடித்ததும் முதல் க்யூவிலிருந்து ஒருமுறை முழுக்க ஓட்டுவதும் அதற்குத்தான்.

மெதுவான ஃபேடில், அதாவது ஒளி படிப்படியாக ஏறுவதிலும் இறங்குவதிலும், எனக்கு ஒரு தனிப் பாடம் கிடைத்தது. ஒரு நாடகத்தில் விடியல் வரும். நான்கு நிமிட உரையாடலுக்கு அடியில், யாரும் கவனிக்காமல், இருட்டு காலையாக வேண்டும். எல்இடி விளக்குகளை 0லிருந்து 30 சதவீதத்துக்கு 240 வினாடியில் ஏற்றினேன். எனக்கு அருகில் இருந்த திரை வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து நண்பரை ஓட்டச் சொன்னபோதுதான் பார்த்தேன்: விடியல் குதித்துக் குதித்து வந்தது. ஒரு சின்ன உதறல், பிறகு அசையாத நிலை, பிறகு இன்னொரு உதறல்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிஎம்எக்ஸ் சேனல் ஒன்றுக்கு 0 முதல் 255 வரை 256 நிலைகள்தான். 30 சதவீதம் என்றால் சுமார் 76 படிகள். 240 வினாடியை 76 படிகளுக்குப் பங்கிட்டால் ஒரு படிக்கு மூன்று வினாடிக்கு மேல் வரும். மூன்று வினாடி நின்று, டக்கென்று ஒரு படி. 70லிருந்து 71க்கு ஏறுவதைக் கண் பிடிக்காது. சேனல் எண்ணுக்கு ஏற்ப ஒளி ஏறும் விதம், அதாவது டிம்மர் வளைவு, நேர்கோடாக இருந்தால் 1லிருந்து 2க்கு ஏறும்போது ஒளி இரண்டு மடங்காகிறது. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது அடி விழுந்த மாதிரி. ஹாலஜன் விளக்கில் இழை சூடேறவும் ஆறவும் ஆகும் நேரம் இந்தப் படிகளை மழுப்பிவிடும். எல்இடியில் அந்தத் தாமதம் இல்லை.

மூன்று வழிகளை ஒவ்வொன்றாக முயன்றேன். முதலில் விளக்கின் பின்பக்க மெனுவில் டிம்மர் வளைவையும் டிம்மர் வேகத்தையும் பார்த்தேன். ஹாலஜன் போல மெதுவாக நடக்கும் அமைப்பு சில விளக்குகளில் உண்டு. அடுத்து, விளக்குக்கு 16 பிட் டிம்மர் முறை இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தால் இரண்டு சேனல்கள் சேர்ந்து 65,536 நிலைகள் கிடைக்கும், குதிப்பு போய்விடும். என்னிடம் இருந்த பாதி விளக்குகளில் இரண்டுமே இல்லை. அவற்றுக்கு நான் செய்தது, ஆபத்தான முதல் படிகளை வேறொரு வெளிச்சத்துக்குள் ஒளித்துவைத்தது. விடியலுக்கு முன் மேடையில் ஒரு லாந்தர் எரியும். அந்த வெளிச்சம் இருக்கும்போதே பக்க விளக்குகளைச் சத்தமில்லாமல் 4 சதவீதத்துக்குக் கொண்டுபோனேன். லாந்தர் அணையும்போது அவை ஏற்கனவே அங்கே இருந்தன.

ஒரே ஃபேடாக இருந்ததையும் உடைத்தேன். முதலில் பின்திரை, 40 வினாடி கழித்துப் பக்க விளக்குகள், கடைசியில் முகம். ஒன்றின் பின் ஒன்று தானாகத் தொடரும்படி நேரம் கொடுத்தேன். ஒன்றின் படி இன்னொன்றின் படியோடு ஒன்றாக விழாததால் உதறல் தெரியவில்லை. அதைவிட, வானம் முதலில் வெளுத்து, மனிதர்கள் பிறகு தெரிவது நிஜ விடியலைப் போலவே இருந்தது. அந்தக் காட்சியை நான் மிகவும் நேசிக்கிறேன். அப்போதிருந்து, எல்லா விளக்கும் ஒரே கணத்தில் கிளம்பி ஒரே கணத்தில் முடியும் க்யூவைப் பார்த்தால், இதைப் பிரித்தால் என்ன என்று கை தானாகப் போகிறது.

மூவிங் ஹெட் திரும்ப வேண்டுமென்றால் இருட்டில் திரும்ப வேண்டும். ஒளி ஏறுவதையும் திசை மாறுவதையும் ஒரே க்யூவில் எழுதினால், கற்றை பார்வையாளர்கள் மேல் ஊர்ந்து வந்துதான் நடிகரிடம் சேரும். ஆகவே, விளக்கு அணைந்த உடனே அடுத்த இடத்துக்குத் திருப்பும் ஒரு க்யூவைத் தனியாக, தானாகத் தொடரும்படி எழுதிவிடுகிறேன். பெரிய கன்சோல்கள் கேட்டால் தாமாகவே செய்யும், ஈயோஸில் இதன் பெயர் மார்க். ஆனால் எந்த நேரத்தில் என்பதை மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும். திரும்பும் மோட்டாரின் சத்தம் அமைதியான காட்சியில் நன்றாகவே கேட்கும். இசை ஓடும் இடமாகப் பார்த்துத் திருப்புங்கள்.

இதிலும் சொல்லாமல் விட்ட சேனல் ஒன்று ஒளிந்திருக்கிறது. பல மூவிங் ஹெட்கள் பக்கவாட்டில் 540 டிகிரி திரும்பும். ஒரே சேனலில், அதாவது 8 பிட்டில், அதை 255 படிகளாகப் பிரித்தால் ஒரு படி 2 டிகிரிக்குச் சற்று மேல். 10 மீட்டர் தள்ளி நிற்கும் நடிகரிடம் அது சுமார் 37 சென்டிமீட்டர். முகத்தை விட்டுத் தோளுக்குப் போய்விடும். அதனால்தான் ஒரு படிக்குள்ளும் நுணுக்கமாக நகர்த்த ஃபைன் என்று இன்னொரு சேனல். கையால் திருப்பி அழகாக முகத்தில் நிறுத்திவிட்டு, பதியும்போது ஃபைனுக்கு டிக் போடாமல் விட்டால், மறுநாள் வட்டம் காதோரம் விழும். யாரோ விளக்கை இடித்துவிட்டார்கள் என்று ஏணியில் ஏறிப் பார்த்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

ஃபேட் நேரத்தை லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஊகிக்கக் கூடாது. நடிகர் நாற்காலியிலிருந்து எழுந்து கதவு வரை போக ஏழு வினாடி எடுத்தால், அதுதான் அந்த க்யூவின் நேரம். ஒத்திகையில் ஸ்டாப்வாட்ச் வைத்து எடுத்து, பிரதியின் ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன். ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. புது இடம் மூன்று வினாடியில் ஏறி, பழைய இடம் ஆறு வினாடியில் இறங்கினால், நடுவில் மேடை ஒரு கணமும் குழியாகாது. நடிகர் வெளிச்சத்துக்குள் நடந்து வர வேண்டுமா, அவர் வந்து நின்ற பிறகு வெளிச்சம் அவரைத் தேடி வர வேண்டுமா என்பதை இயக்குநரிடம் ஒவ்வொரு முறையும் கேட்டுவிடுவேன். கதையே மாறிப்போகும் கேள்வி அது.

எண்களைப் பற்றி. கியூஎல்சி பிளஸின் க்யூ பட்டியலில் வரிசை எண் தானாக விழும். நடுவில் ஒன்றைச் செருகினால் அதற்குக் கீழே உள்ள எல்லாம் ஒவ்வொரு எண் தள்ளிப்போகும். க்யூ எண்ணைச் சொல்லி என்னை அழைக்கும் மேடை நிர்வாகியின் பிரதியிலோ பழைய எண் இருக்கும். 14க்குப் பிறகு ஒன்றைச் செருகிவிட்டு அவரிடம் சொல்ல மறந்தேன். அவர் 22 என்று அழைத்தபோது என் திரையில் 22 என்றிருந்தது அவருடைய 21. இப்போது ஒவ்வொரு படியின் பெயரிலும் நானே எண் எழுதுகிறேன்: 10, 20, 30 என்று இடைவெளி விட்டு. செருக வேண்டியது வந்தால் 25. பக்கத்திலேயே குறிப்பில், எந்த வசனத்தில் அல்லது எந்த அசைவில் என்று. தானாக விழும் எண்ணை இருவரும் பார்ப்பதில்லை.

அழைக்கும் முறையும் மேடை நிர்வாகியிடம்தான் கற்றேன். எல்எக்ஸ் என்றால் விளக்கு. “எல்எக்ஸ் 140 ஸ்டேண்ட் பை” என்பார், நான் “ஸ்டேண்டிங் பை” என்பேன், பிறகு “எல்எக்ஸ் 140... கோ.” கடைசிச் சொல் வரும்போதுதான் விரல் இறங்க வேண்டும். அதனால் ஹெட்செட்டில் வேறு எந்தப் பேச்சிலும் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. “போ”, “ஆரம்பி” என்று எது வேண்டுமானாலும் சொல்லலாம். அதை மட்டும் சொல்லக் கூடாது.

கடைசியாக, யாருமே எதுவும் சொல்லாதபோது விளக்கு என்ன செய்யும்? ஒரு நிகழ்ச்சியில், மேடையில் ஒருவர் இறந்து கிடக்கும் நேரத்தில், யுஎஸ்பி ஒயர் கால் பட்டுக் கழன்றது. டிஎம்எக்ஸ் நின்றது. நான்கு விளக்குகள் அப்படியே நின்றன; இரண்டு அணைந்தன; முன்வரிசையில் இருந்த இரண்டு சிவப்பு, பச்சை, நீலம் என்று தாமாகவே சுற்ற ஆரம்பித்தன. சிக்னல் போனால் என்ன செய்ய வேண்டும் என்பது ஒவ்வொரு விளக்கின் மெனுவிலும் ஓர் அமைப்பாக இருக்கிறது: கடைசி நிலையில் நில், அணைந்துவிடு, தானாக ஓடு. யாரோ முன்பு எதற்கோ வைத்ததை நான் பார்க்கவே இல்லை. அந்த நடிகர் கண்ணைத் திறக்கவில்லை. நான் ஒயரைச் செருகும்வரை அவர் அசையாமல் கிடந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. இப்போது ஒவ்வொரு விளக்குக்கும் டிஎம்எக்ஸ் முகவரி (அதன் முதல் சேனல் எண்) கொடுக்கும்போதே எல்லா விளக்கையும் ‘கடைசி நிலையில் நில்’ என்று வைத்துவிடுகிறேன். யுஎஸ்பி ஒயரை மேசைக் காலோடு டேப் போட்டுக் கட்டுகிறேன். டிஎம்எக்ஸ் வரிசையின் கடைசி விளக்கில் 120 ஓம் டெர்மினேட்டர் (வரிசையின் முனையில் செருகும் மின்தடை) இருக்கிறதா என்று பார்க்கிறேன். இல்லாவிட்டால் சிக்னல் திரும்பி வந்து, காரணமே தெரியாத துடிப்புகள் வரலாம்.

லேப்டாப்பில் உறக்கம், திரை அணைவு, அப்டேட், வைஃபை எல்லாம் நிறுத்தம். ஒத்திகைக்கு ஒன்றாக, தேதி போட்டுத் தனிக் கோப்பு. ஒரு பிரதி பென்டிரைவில். நீங்களே எழுதிய ஃபிக்ஸர் வரையறை (ஒரு விளக்கின் எந்த சேனல் எதை ஆளும் என்ற பட்டியல்) இருந்தால் அந்தக் கோப்பும் பென்டிரைவில் இருக்க வேண்டும், நாடகக் கோப்புக்குள் அது இருக்காது.

கதவு திறக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது ஒவ்வொரு விளக்காக ஏற்றி இறக்கிப் பார்க்கிறேன். பிறகு ஏழாவது காட்சி மாதிரி நான் பயப்படும் இரண்டு மூன்று இடங்களுக்குப் போய், இரண்டு க்யூ முன்னாலிருந்து ஓட்டி வருகிறேன். ஆப்பரேட் முறைக்கு மாற்றிப் பூட்டுகிறேன். அதற்குப் பிறகு கை தவறிப் பட்டாலும் எதுவும் திருத்தப்படாது. ‘வெறும் நிலை’யை ஒருமுறை போட்டு, எல்லாத் தலைகளும் தங்கள் இடத்துக்குத் திரும்பும் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, முதல் க்யூவில் நிறுத்திவிட்டு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மேடை நிர்வாகியிடம் “அக்கா, லைட் ரெடி” என்கிறேன்.